முறத்தில் பாதிக் கீரை

அந்த அழைப்பு வந்தபோது நான் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். கைபேசியில் படம் வந்தது. சன்னலோரம் ஒரு நாற்காலி, அதன் முதுகில் ஒரு துண்டு, உட்கார ஆள் இல்லை. எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் என் போனில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் செலின் அம்மா ஒரு படம் போட்டுக் கொடுத்திருந்தார். மகனுக்கு அவன் ஸ்கூட்டர், மருந்துக் கடைக்காரருக்கு அவர் மூக்குக் கண்ணாடி, கேஸ்காரருக்கு ஒரு சிலிண்டர். தனக்கு மட்டும் இந்தக் காலி நாற்காலி.

“என்னாம்மா, நாற்காலிதான் இருக்கு. நீங்க எங்க?” என்று அப்போதே கேட்டேன்.

“நீங்க போனை எடுங்கண்ணே, நான் வந்து உக்காந்துக்கறேன்” என்றார்.

அன்று எடுத்தேன். பேசியது செலின் அம்மா இல்லை, அவருடைய அக்கா தெரேஸ். “கோயிந்தண்ணே, செலினு போயிட்டா. காலையில காப்பி குடுத்தேன். பாதி குடிச்சா, அப்படியே சாஞ்சிட்டா. வலின்னுகூட சொல்லல” என்றார். நான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நாற்காலி அப்படியே இருந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், நீங்களும் சொல்லுங்கள் என்று தெரேஸ் அம்மா கேட்டதால் இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மருமகள் கவிதா. அவளைப் பற்றி வருகிற இடத்தில் கை நிற்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டியிருக்கிறாள்.

செலின் அம்மாவின் வேலை என்ன என்று அவருடைய மாதா கோயில் பங்கிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. கார்ட்டூன் வரைகிறவர் என்பார்கள். அது சரியில்லை. அனிமேஷன் படத்தில் ஓடுகிற, பேசுகிற ஆட்களை வேறு யாரோ வரைவார்கள். அவர்கள் ஓடுகிற தெரு, தூங்குகிற வீடு, சாப்பிடுகிற கூடம், பின்னால் தெரிகிற வானம், இவைதான் செலின் அம்மாவுடையவை. கடலூரில் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து ஒரு கண்ணாடிப் பலகையில் பேனாவால் வரைவார். வரைந்தது எங்கெங்கோ போகும். வரைவதற்கு முன்னால் பார்த்துவிட்டு வர என் ஆட்டோ. அப்போது நான் கடலூர் முதுநகரில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் ஏறியதும் எங்கே போக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. “மெதுவா போங்கண்ணே. நிறுத்துன்னா நிறுத்துங்க” என்றார். துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் நடைவேகத்தில் போனோம். ஓர் ஓட்டு வீட்டுக்கு எதிரில் நிறுத்தச் சொல்லி, வண்டிக்குள் இருந்தபடியே வரைய ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டு அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“என்னாம்மா எழுதுறீங்க? பட்டாவுக்கா, கரண்டுக்கா?”

“அதெல்லாம் இல்லக்கா. உங்க வூட்டை வரையிறேன்.”

“வூட்டையா? எதுக்கு, ஏலம் வுடப் போறீங்களா?”

“சினிமாவுக்குக்கா.”

அவ்வளவுதான். அந்த அம்மாள் உள்ளே ஓடினார். மகளைக் கூப்பிட்டார். வாசலில் தாறுமாறாகக் கிடந்த செருப்புகள் மறைந்தன. கொடியில் இருந்த துணி, சுவரில் சாய்ந்திருந்த கிழிந்த வலை, கவிழ்த்து வைத்திருந்த மீன் கூடை, ஈரச் சாக்கு எல்லாம் உள்ளே போயின. வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கடைசியாக ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியைக் கொண்டுவந்து சன்னலில் வைத்துவிட்டு, “இப்ப வரைங்கம்மா” என்றார்.

செலின் அம்மா பேனாவை மூடினார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “போச்சுண்ணே. இவ்ளோ நேரம் அந்த வூட்டுல ஆளுங்க இருந்தாங்க. தொடச்சி எடுத்துட்டாங்க” என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு அவர் எதைப் பார்க்கிறார் என்று புரிய ஆரம்பித்தது. செருப்பு கிடக்கிற விதத்தைப் பார்த்தால் உள்ளே போனவர் அவசரத்தில் போனாரா, சாவகாசமாகப் போனாரா என்று தெரியும் என்பார். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவர் சினிமா என்ற வார்த்தையை எடுக்கவில்லை. யாராவது கேட்டால், “வெயிலுக்கு நிக்கிறோம்” என்று சொல்லிவிடுவார். பலர் தண்ணீர் கொடுத்தார்கள், ஒருவர் மோர் கொடுத்தார். பின்னால் அந்த முதல் வீட்டை ஒரு படத்தில் போட்டபோது செருப்பு, வலை, கூடை எல்லாவற்றையும் நினைவிலிருந்து கொண்டுவந்து வைத்தார். பூச்சாடியையும் எடுக்கவில்லை. “சினிமான்னதும் ஓடிப்போயி வச்சாங்களே, அதுவும் அந்த வூடுதாண்ணே” என்றார்.

அவர் வரைந்ததை முதல்முதலாக முழுசாகப் பார்த்த நாளில் நான் அவரைச் சங்கடப்படுத்திவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு கடைத்தெரு. பார்க்கப் பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் கடையில் கடைக்காரர் இல்லை, தெருவில் ஒரு குஞ்சு குளுவான் இல்லை.

“ஏம்மா, ஊரே காலியா கெடக்கே. எல்லாரும் எங்க போயிட்டாங்க?”

“வருவாங்கண்ணே. அவுங்கள வேற ஒருத்தரு வரையிறாரு. நான் எடம் மட்டும் போட்டு வைக்கிறேன்.”

“அவுங்க வரலைன்னா?”

“வந்த மாதிரியே இருக்கணும். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.”

எழுத்துத் தெரியாதவன் என்பதால் என்னை அவர் ஒரு வேலைக்கு வைத்துக்கொண்டார். வேலை என்றால் வேலையில்லை, டீ குடித்துக்கொண்டே படம் பார்ப்பதுதான். படத்தைக் காட்டி, “இது எந்த ஊரு, யாரு இருக்காங்க?” என்று கேட்பார். கடைப் பலகையில் ஊர்ப் பெயரை எழுதிவிட்டால் மற்றவர்கள் அதைப் படித்துவிட்டுச் சொல்லிவிடுவார்களாம். நான் சொல்ல முடியாது. என்னைப் போலவே சின்னப் பிள்ளைகளும் படிக்காமல்தான் படம் பார்ப்பார்கள் என்பார். நான் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததில்லை. அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக வாத்தியார்கள் குடியிருப்பை அச்சாக வரைந்துவிட்டு யார் வீடு என்று கேட்டார். நீளமாக ஒரே மாதிரிக் கட்டடம், மரம், நிழல். “ஆஸ்பத்திரி. பெரிய டாக்டரு உள்ள இருக்காரு” என்றேன். தெரேஸ் அம்மா அடுக்களையிலிருந்து சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. செலின் அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் என்னை அங்கே அழைத்துப்போகச் சொன்னார். மாடிக் கைப்பிடியில் காய்கிற போர்வை, படிக்கட்டுக்கு அடியில் காற்றுப் போன சைக்கிள், பால் பாக்கெட்டுக்குக் கட்டித் தொங்கவிட்ட பை, இவற்றை வரைந்துகொண்டு வந்து படத்தில் சேர்த்தார். “இப்ப டாக்டரு போயிட்டாரா?” என்று என்னைக் கேட்டார். “போயிட்டாரு. வாத்தியாரு குடியேறிட்டாரு” என்றேன்.

பண்ருட்டி மட்டும் பார்த்த உடனே சொன்னேன். பலாப்பழம் குவிந்திருக்கிறதைப் பார்த்து இல்லை, அதை எந்த ஊரிலும் குவிக்கலாம். கத்திக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் எண்ணெயும் அதைத் தொட்டுத் தொட்டுக் கறுத்துப்போன துணியும் வரைந்திருந்தார். அறுத்து அறுத்துப் பால் ஒட்டின கை அங்கே இல்லாமலே தெரிந்தது.

வடலூரில் ஒரு பூசத்துக்குப் போயிருந்தோம். யாரோ ஒருவர் பந்தல் போட்டுச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பந்தி எழுந்து, இடத்தைத் துடைத்து, புது இலை போட்டாகிவிட்டது. அடுத்த பந்தியை இன்னும் உள்ளே விடவில்லை. நீளமாக இலைகள், ஒவ்வொன்றிலும் தெளித்த தண்ணீர், மூலையில் உப்பு. நான் பசியில் நின்றேன். செலின் அம்மா என் கையைப் பிடித்து, “அண்ணே, பாருங்க. இதுதான் என் வேலை. இலை போட்டாச்சி, ஆளு இன்னும் வரல” என்றார். அதற்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள், கூட்டம் எங்களையும் தள்ளிக்கொண்டு போய் உட்கார வைத்தது. அன்று அவர் மூன்று தரம் சாம்பார் கேட்டார். அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் அவரை அமைதியானவர், கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அஞ்சலை என் மனைவி. அவளுக்கு மறதி வந்தது. முதலில் பெயர்கள் போயின, அப்புறம் நாள் போனது. நானும் ஆட்டோவை விட்டுவிட்ட சமயம். மகன் வேலு வந்து முதுநகர் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு எங்களைச் சிதம்பரத்துக்கு அழைத்துக்கொண்டான். நல்ல வீடு, காற்று வரும். வேலுவும் கவிதாவும் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அஞ்சலைக்கு அது யாரோ ஒருவர் வீடு. விருந்துக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஆனதும் துணிப்பையை எடுத்துக்கொள்வாள். “ஏங்க, வந்து எம்மா நேரம் ஆச்சி. கெளம்புங்க. அவுங்களுக்கும் வேலை இருக்கும்ல?” என்பாள். அதுகூடப் பரவாயில்லை. சாப்பாடு குறைந்துவிட்டது. கவிதா சோற்றை எடுத்து வந்தால், “போதும் கண்ணு, வவுறு நெறஞ்சிடுச்சி” என்று இலையை மறைப்பதுபோல் தட்டின் மேல் கையை வைத்துக்கொள்வாள். தனியாக இருக்கும்போது என்னிடம், “அடுத்தவங்க வூட்டுல ரெண்டாந்தரம் வாங்கித் திங்கலாமா? என்னா நெனப்பாங்க?” என்பாள். கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறிப்போகிற அளவுக்கு இளைத்துவிட்டாள்.

ஒரு நாள் நான் கண் அசந்த நேரத்தில் கிளம்பிவிட்டாள். தேடிக்கொண்டு போய்ப் பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டியில் கண்டுபிடித்தேன். சன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் துணிப்பையை வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், “எங்க போனீங்க இவ்ளோ நேரம்? ஏறுங்க, எடம் புடிச்சி வச்சிருக்கேன்” என்றாள். நான் ஏறி உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? இரண்டு நிறுத்தம் போய், இறக்கித் திரும்ப அழைத்து வந்தேன்.

அன்றைக்கு வேலு, “அப்பா, கேட்டுக்குப் பூட்டு போட்டுடலாம்பா. ரோடு பக்கத்துல இருக்கு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுச்சின்னா?” என்றான். அவன் பயத்தில் தப்பில்லை. ஆனால் அவளை உள்ளே வைத்துப் பூட்டுகிறதை என்னால் நினைக்க முடியவில்லை. விருந்துக்கு வந்தவளை யாராவது பூட்டுவார்களா? ஒரு வாரம் பொறு என்று சொல்லிவிட்டு, போனில் காலி நாற்காலியைத் தொட்டேன்.

செலின் அம்மா மறுநாளே வந்தார். வந்து ஒரு நாள் முழுக்க அஞ்சலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இது நம்ம வூடுன்னு அக்காவுக்குத் தெரியல. தெரியிற மாதிரி பண்ணிடலாம்ணே” என்றார். முதுநகர் வீட்டைத் திறந்து, அஞ்சலை புழங்கின சாமானெல்லாம் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். சாமி படம், அஞ்சறைப் பெட்டி, பித்தளைச் செம்பு, முறம், சல்லடை, பழைய ஸ்டூல், கைப்பிடி போன கரண்டி உட்பட. கவிதா தன் அடுக்களையையே காலி செய்து கொடுத்தாள். செலின் அம்மா அங்கே எப்படி இருந்ததோ அப்படியே ஒவ்வொன்றாக அடுக்கினார். எனக்கே ஒரு நிமிஷம் முதுநகரில் இருப்பது போலிருந்தது.

அஞ்சலை தூங்கி எழுந்து வந்தாள். அடுக்களையைச் சுற்றிப் பார்த்தாள். என் பக்கத்தில் வந்து காதோடு காதாக, “ஏங்க, சத்தம் போடாதீங்க. இந்த வூட்டுக்காரங்க நம்ம சாமானை எல்லாம் தூக்கியாந்துட்டாங்க. நான் செம்ப மட்டும் பையில போட்டுக்கறேன். வாங்க, போயிடலாம்” என்றாள்.

கவிதாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுதும்மா, வந்தது. செலின் அம்மா அவள் தோளைத் தட்டி, “நீ ஏன் அழுவுற? வண்டி வச்சித் தூக்கியாந்த திருடி நான்தான்” என்றார். கவிதாவும் அழுகையோடு சிரித்துவிட்டாள். அன்றைக்கு அஞ்சலையின் துணிப்பையிலிருந்து செம்பை எடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுநாள் என்னை மட்டும் அழைத்துக்கொண்டு செலின் அம்மா மறுபடியும் முதுநகர் வீட்டுக்குப் போனார். சாமான் போன வீடு, வெறும் சுவர். “அக்கா எங்க உக்காருவாங்க?” என்று கேட்டார். அடுக்களைப் பின்வாசலைக் காட்டினேன். அங்கே அவள் மணை கிடந்தது. அதை வண்டியில் ஏற்ற எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. செலின் அம்மா அதில் உட்கார்ந்தார். சுவரைச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

“அண்ணே, நீங்களும் வந்து கீழ உக்காருங்க.”

“முட்டி வுடாதும்மா.”

“முட்டிய அப்புறம் பாத்துக்கலாம். உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அவர் சுவரைக் காட்டினார். ஆணிகள் எல்லாம் தாழ்வாக இருந்தன. முறம் மாட்டின ஆணி, கரண்டி மாட்டின ஆணி, சாமி படம் இருந்த வெளுத்த சதுரம், எல்லாமே உட்கார்ந்த கைக்கு எட்டுகிற உயரம். எத்தனையோ வருஷம் அந்த வீட்டில் இருந்தேன், நின்றுகொண்டே பார்த்திருக்கிறேன்.

“படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, பாக்குறவங்க கண்ணு எந்த உயரத்துல இருக்குன்னு ஒரு கோடு போடுவேன். அந்தக் கோடு தப்பாச்சின்னா அப்புறம் என்னா வரைஞ்சாலும் பொய்யாதான் தெரியும். கவிதா அடுக்களையில எல்லாம் மேடை மேல. நானும் நின்னுக்கிட்டே அடுக்கிட்டேன். அக்காவோட கோட்டை நான் கேக்கவே இல்லண்ணே” என்றார்.

இன்னொன்றும் அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. பின்வாசலுக்கு எதிரில் பக்கத்து வீட்டு வெள்ளைச் சுவர், நீலம் கொஞ்சம் ஜாஸ்தியாகக் கலந்து அடித்த சுண்ணாம்பு. வெயில் அதில் பட்டுத் திரும்பி அஞ்சலையின் மடியில் விழும். “அக்கா இந்த வெளிச்சத்துலதான் கீரை ஆஞ்சிருக்காங்க” என்றார்.

சிதம்பரம் வந்ததும் கொண்டுவந்த சாமானில் முக்கால்வாசியைத் திருப்பி அனுப்பச் சொன்னார். கவிதாவின் அடுக்களை கவிதாவுக்கே போனது. பின்வாசலில் மட்டும் மணையைப் போட்டோம். சுவரில் தாழ்வாக ஆணி அடித்து முறம், சல்லடை, சாமி படம் மாட்டினோம். அஞ்சறைப் பெட்டி மணைக்குப் பக்கத்தில். எதிரில் பாசி பிடித்துக் கிடந்த சுற்றுச்சுவரை நான் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தேன். நீலம் போடும்போது செலின் அம்மா பக்கத்தில் நின்று, “இன்னும் கொஞ்சம்ணே, இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கவிதா கேட்டாள். “ஆன்ட்டி, இது அத்தையை ஏமாத்துற மாதிரி இல்லையா?”

“இது யாரு வூடு?”

“அவுங்க வூடுதான்.”

“அப்புறம் என்னா ஏமாத்துறது? இருக்கறது அவுங்களுக்குத் தெரியல. தெரியிற மாதிரி வரையிறோம், அவ்ளோதான்.”

எல்லாம் ஆன பிறகு நான் இடத்தைப் பெருக்கித் துடைத்து வைத்தேன். செலின் அம்மா பார்த்துவிட்டு, “பூச்சாடி மட்டும்தான் பாக்கி” என்றார். எனக்கு அந்த முதல் வீடு ஞாபகத்துக்கு வந்தது. அவர் கவிதாவிடம் முருங்கைக் கொத்து வாங்கி முறத்தில் போட்டு, பாதி இலையை உருவி ஒரு பக்கமாகத் தள்ளி, மீதியை அப்படியே விட்டார். உருவிய காம்புகளைத் தரையில் போட்டார். “வேலை முடிஞ்சிருந்தா ஆளுக்கு உள்ள என்னா வேலை? பாதியில நிக்கட்டும்” என்றார்.

அன்று சாயங்காலம் அஞ்சலை துணிப்பையோடு எழுந்தாள். “கெளம்புங்க” என்றாள். நான் பேச்சுக் கொடுக்காமல் பின்வாசல் வழியாக அழைத்துப் போனேன். மணைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். முறத்தைப் பார்த்தாள்.

“யாரு இத பாதியில போட்டுட்டுப் போனது?”

துணிப்பையைத் தரையில் வைத்தாள். மணையில் உட்கார்ந்து முறத்தை மடிக்கு இழுத்தாள். அவள் கை தானாக ஓடியது. சுவர் வெளிச்சம் மடியில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்காமல், “கவிதா, உப்பு எங்கடி வச்ச? இங்க இருக்கறத எடுக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது?” என்றாள். வந்த நாளிலிருந்து அவளைக் கண்ணு என்றும் அம்மா என்றும் விருந்தாளி மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். அன்று திட்டு வாங்கின கவிதாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் எதிரில் தரையில் உட்கார்ந்திருந்த செலின் அம்மாவைப் பார்த்தாள். “நீ என்னா வெறுந்தரையில ஒக்காந்திருக்க? இன்னொரு மணைய எடுத்துப் போட்டுக்க. கீரை வதக்குறேன், சாப்ட்டுட்டுப் போ” என்றாள். விருந்துக்கு வந்தவர்கள் இன்னொருவரைச் சாப்பிடச் சொல்ல மாட்டார்கள். செலின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தார். நானும் சுவரைத்தான் பார்த்தேன். நீலம் கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் இருந்தது.

அன்று இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். மறதி போய்விடவில்லை, போகவும் போகாது. இன்னும் சில சாயங்காலங்களில் துணிப்பையை எடுக்கிறாள். பின்வாசல் வழியாக வந்தால் நின்றுவிடுகிறாள். வேலு வாங்கி வந்த பூட்டு ஸ்கூட்டருக்குப் போய்விட்டது. செலின் அம்மா மாதத்தில் ஒரு தரமாவது வந்து, அஞ்சலை சொன்னபடி நாங்கள் வாங்கிப் போட்ட இரண்டாவது மணையில் உட்கார்ந்து கீரை சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அதற்குப் பிறகு அவர் செய்த படத்தில் ஓர் அடுக்களை வரும். அதைத் தரையில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி வரைந்திருந்தார். கடலூரில் பள்ளிக்கூடக் கூடத்தில் திரை கட்டிப் போட்டார்கள். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அந்த இடம் வந்தபோது ஆள் யாரும் இல்லை, அடுப்பு எரிகிறது, பானையில் ஆவி. அஞ்சலை உரக்கச் சொன்னாள். “அடுப்ப எரியவுட்டுட்டு எங்க போயிட்டா இவ?” எல்லாரும் சிரித்தீர்கள். செலின் அம்மா இருட்டில் எங்கள் வரிசைக்கு வந்து அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு, “வந்துடுவாக்கா, தண்ணி எடுக்கப் போயிருக்கா” என்றார். படம் முடிகிற வரைக்கும் கையை விடவில்லை. மற்றவர்கள் பாராட்டினதையெல்லாம் மறந்துவிட்டார், இதை மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடக்கத்துக்கு முன்னால் வீட்டில் போய் உட்கார்ந்தபோது அவருடைய அறையைப் பார்த்தேன். ஆட்கள் வருவார்கள் என்று தெரேஸ் அம்மா எல்லாவற்றையும் மடித்து அடுக்கி வைத்திருந்தார். மேசை பளபளவென்று இருந்தது. சன்னலோர நாற்காலியில் துண்டு இல்லை. நான் மெதுவாக, “தெரேசும்மா, பூச்சாடி மட்டும்தான் பாக்கி” என்றேன். அவருக்கு அந்தக் கதை தெரியும். அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். எழுந்து போய்த் துண்டை எடுத்து வந்து நாற்காலியின் முதுகில் போட்டார். கொஞ்சம் யோசித்து, ஒரு பக்கம் தாழ இழுத்துவிட்டார். அப்புறம் அறை சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அஞ்சலையிடம் சொன்னேன். அழுதாள். மறுநாள் காலையில் கீரையை உருவிக்கொண்டே, “செலினு வந்து நாளாச்சே, ஏன் வரல?” என்று கேட்டாள். மறுபடியும் சொன்னேன். புதிதாகக் கேட்பவள் மாதிரி மறுபடியும் முதலிலிருந்து அழுதாள். இனி அப்படிச் சொல்ல மாட்டேன் என்று அன்றே முடிவு செய்தேன்.

செலின் அம்மாவிடமிருந்து எங்களிடம் இருப்பவை இவைதான். நீலம் ஜாஸ்தியான ஒரு சுவர். தாழ்வாக அடித்த ஆணிகள். காலையில் கவிதா வேலைக்குக் கிளம்பும்போது முறத்தில் பாதி உருவி விட்டுப் போகிற கீரை; அவள் இல்லாத நாளில் நான் செய்கிறேன், அந்த அழைப்பு வந்தபோது செய்துகொண்டிருந்ததும் அதுதான். போனில் ஒரு நாற்காலி. பின்வாசலில் இரண்டாவது மணை.

வேலு நேற்று அந்த மணையை எடுத்து உள்ளே சாய்த்து வைக்கப் பார்த்தான், தடுக்கி விழுந்துவிடுவோம் என்று. அஞ்சலை விடவில்லை. “அது செலினுக்குடா” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “வருவாளாங்க?” என்று கேட்டாள்.

“வருவாங்க. எடம் இருக்கட்டும்” என்றேன்.